பூச்சிக்குக் கட்டிய வெளிச்சம்

மரக்காணம்

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ ஷில்லாங் குளிரில் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை இல்லை. போனில் சொன்னால் அப்பா பிடுங்கித் தன் இஷ்டத்துக்குச் சொல்வார், அதனால்தான் கடிதம்.

பூச்சி ஆராய்ச்சி செய்கிற மகள் கேட்டுவிட்டாளாம், காய்ச்சலில் கிடந்த மனிதர் சனிக்கிழமை எழுந்து தோட்டத்து அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். வெள்ளைத் துணி கட்டி வெளிச்சம் காட்டத்தானே சொன்னாய். இவர் வாசலில் அரளிச் செடியோரம் மூங்கில் நட்டு டியூப் லைட் கட்டி, வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டார். சாவு வூடு மாரி இருக்குது என்றேன், கேட்டால்தானே.

காய்ச்சல் விஷயம் ஊருக்கே தெரியும். எதிர்வீட்டுப் பாப்பாத்தி விளக்கைப் பார்த்ததும் மாலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஒப்பாரியோடு வந்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் உன் சித்தப்பா பச்சமுத்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். யார் உப்புப் பாத்திக்கு முதலில் தண்ணீர் என்ற தகராறில், உன் சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனவர், நீ காலேஜ் சேர்ந்த வருஷத்திலிருந்து நம் வாசல் மிதிக்காதவர். இவ்வளவு நாளும், நிஜமாகவே வராமல் இருந்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா. அவர் மார்பில் அடித்துக்கொண்டு, அண்ணே என்ன உட்டுட்டுப் பூட்டியே என்று அழுகிறார். வேட்டிக்குப் பின்னாலிருந்து அப்பா தலையை நீட்டி, டேய் கத்தாதடா, பூச்சி பறந்துடப் போவுது என்றார். இத்தனை வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், நானும் அழுதேன். வந்த மாலையை மாடு தின்றுவிட்டது.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் அங்கேதான், டீ போட்டே என் கை ஓய்கிறது. மிலிட்டரி சட்டை மாதிரி பச்சையாக ஒன்று வருகிறது. அரளியத் தின்ன கொம்புப் புழுதான் இப்படி ஆயிருக்குது என்கிறார் சித்தப்பா. அந்த அசிங்கம் புடிச்ச புழு இவ்ளோ அழகா ஆவுமா என்கிறார் அப்பா. பெயர் கேட்டுப் படம் உன் போனுக்கு வந்திருக்கும்.

ஸ்வெட்டர் போடாமல் காட்டுக்குள் போகாதே, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளாதே. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் பச்சைப் பூச்சியின் பெயர் தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதே. தெரிந்துவிட்டால் நாளைக்கு இங்கே வர உன் சித்தப்பாவுக்கு என்ன சாக்கு இருக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
க. தனகோடி