காமன் பொட்டலுக்கு நாம் போட்ட கூரை

நண்பா,

இன்று காலை தேயிலை ஸ்டோரின் பின்புறம் கான்வாஸ் படுதாவை உலர்த்தப் பிரித்தார்கள். மெழுகும் பழைய புகையும் கலந்த அதன் வாசனை என் மேசை வரை வந்தது. எழுந்து போய் வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எதுவும் பழுதில்லை. மாசி பிறந்துவிட்டது. நீ கண்மூடிய பின் வரும் முதல் காமன் கூத்து இது.

இந்தக் கூரை எதற்காக உண்டானது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். உன் மகளுக்காக என்கிறேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று ஆண்டுகள் ரதி வேடம் கட்டுவதாக நீ நேர்ந்துகொண்டாய். பிழைத்தாள். இரண்டு ஆண்டுகள் ஆடினாய். மூன்றாம் ஆண்டில் மாசியிலும் மழை விடாததால்தான் சிக்கல் வந்தது. தோல் நனைந்தால் தப்புப் பறை பேசாது, பந்தல் இல்லாமல் அடிக்க மாட்டோம் என்று தப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே வைக்கோல் காமனை எரிக்க விடமாட்டேன் என்றார் தோட்டத்துத் துரை. காமன் எரியாமல் கூத்து நிறைவுறாது. உன் நேர்த்திக்கடனும் நிறைவுறாது.

மழைக்கு மூடவும் நெருப்புக்குத் திறக்கவும் ஒரே கூரையால் முடியும் என்று துரையிடம் நான்தான் சொன்னேன். அவர் தமது தோட்டத்துத் தமிழில், “வானம் தெரியணும். தெரியாட்டி நெருப்பு இல்லே. நான் வந்து பாக்கும்,” என்றார்.

கொழுந்து மூட்டைகள் மலையிலிருந்து கம்பியில் வழுக்கி இறங்குவதை நாள்தோறும் பார்ப்பவன் நான். கழித்துப்போட்ட கம்பியில் இரண்டு இழைகளைக் கூத்தாடும் பொட்டலின் இருபுறமும் இணையாக இழுத்துக் கட்டினேன். படுதாவின் ஓரங்களில் வளையங்கள் தைத்து, உருளிகளில் தொங்கவிட்டேன். மேட்டுப்பக்கக் கம்பங்கள் உயரம், பள்ளப்பக்கத்தவை தாழ்வு. கயிற்றை இழுத்தால் கூரை மூடும்; தளர்த்தினால் துணி தன் எடையாலேயே பள்ளத்துப் பக்கம் மடிந்து ஒதுங்கும். நனைந்து கனத்தால் இன்னும் விரைவாக ஒதுங்கும்.

உனக்கு அது பிடிக்கவில்லை. “நாடகத் திரை மாதிரி நடுவுல ரெண்டா பிரியட்டும்பா. பாக்க அம்சமா இருக்கும்ல?”

“நடுவுல பிரிஞ்சா தேங்குன தண்ணி நேரா காமன் தலையில கொட்டும். அப்புறம் எங்க எரியிறது?”

“ஒரு மனுசன் ஆசையா ஒண்ணு சொன்னா, அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருப்ப!”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அது ஒரே துணிதான்.

கூத்தன்று இரவெல்லாம் தூறல். உள்ளே தப்பு காய்ந்த தோலோடு முழங்கியது. விடியும் வேளையில் மழை விட்டது. சிவனிடம் போகாதே என்று காமனின் கையைப் பிடித்து நீ பாடிக்கொண்டிருந்தாய். பொட்டலின் ஓரத்தில் துரை குடையோடு நின்றார். நான் கயிற்றைத் தளர்த்தினேன். கூரை அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். லயத்து வீடுகளின் பெண்கள் படுதாவின் நகரும் ஓரத்தையும் மேட்டுக் கம்பங்களையும் சேர்த்து, மஞ்சள் கயிற்றில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நகரும் ஓரம் என் வரைபடத்தில் இருந்தது, தோரணம் இல்லை. நான் கத்தியை எடுத்தேன். “காமனுக்குக் கட்டுனத அறுக்கிறதாவது! கைய எடுங்கய்யா!” என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ என்னையும் பார்த்தாய், மேலேயும் பார்த்தாய். ராகம் மாறாமல் பாடினாய்: “கட்டுன கையி அவுக்கட்டுமே, எங்கண்ணாளரு போக வழி விடட்டுமே!”

“என்னாடி ரதி, இப்பத்தானே போகாதேன்ன!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். காமன் வேடக்காரனே சிரித்துவிட்டான். பெண்களும் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறித் தாங்கள் போட்ட முடிச்சுகளைத் தாங்களே அவிழ்த்தார்கள். கூரை சரசரவென்று இறங்கி ஒதுங்கியது. தேங்கிய நீர் பள்ளத்துப் பக்கம் கொட்டியது. தலைக்கு மேல் வெளுத்த வானம். துரை குடையை மடக்கினார். வைக்கோல் காமன் எரிந்தான். உன் நேர்த்தி நிறைவேறியது.

இப்போது அட்டன் நகரில் ஒரு கலையரங்குக்கு இதைவிடப் பெரிய கூரை வரைந்துகொண்டிருக்கிறேன். கம்பங்களைக் குறிப்பதற்கு முன் தோரணம் கட்டுகிறவர்களைத்தான் விசாரித்தேன். எந்த வேலைக்கும் அதுவே என் முதல் விதி. அதை எனக்குத் தந்தவன் நீ.

நம் பொட்டலுக்கு இவ்வாண்டு தோரணம் கட்டுவது உன் மகள். எங்கே கட்டப்போகிறாய் என்று நேற்று கேட்டேன்.

“கம்பத்துல மட்டுந்தான் மாமா. ஓரத்துல கட்டுனா, அவுக்கச் சொல்லி அப்பா பாட வந்துருவாங்க.”

கூரை போட்டவனாக, சரி என்று நான் தலையசைத்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒன்றே ஒன்று, கையால் அவிழ்க்கும் முடிச்சாகக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.