பதினைந்தாவது இடம்

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே?

பாப்பாவின் மார்க்குக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தாய். யாரிடம் சொல்லியிருக்கிறாய்! என்னைக் கேட்காமல் இங்கே முதல்வர் ஃபேன்கூடப் போடுவதில்லை. நான் வெறும் எலெக்ட்ரீஷியன் என்று வாட்ச்மேன் சொல்லுவான், பொறாமை. போன வருடம் கல்லூரியே இருண்டபோது ஒற்றைக் கையால் கரண்டை இழுத்துப் பிடித்தவன் நான்.

சேர்க்கைப் பிரிவில் ஒரு மூத்த குமாஸ்தா இருக்கிறார். மார்க்கைக் கேட்டதுமே கிடைக்கும், கிடைக்காது என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை. அதனால் பெயரே ஜட்ஜ். அவர் தலைக்கு மேலிருக்கும் ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றியபடியே ஏணியிலிருந்து பாப்பாவின் மார்க்கைச் சொன்னேன். இரண்டு கூட்டித்தான் சொன்னேன். தாய்மாமன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? அவர் நிமிராமலே அந்த இரண்டைக் கழித்துவிட்டு, "பதினஞ்சு சீட்டு, உங்க பொண்ணு பதினாறாவது. கவலைய விடுங்க, சான்ஸ் நூத்துக்கு நூறு" என்றார்.

அதெப்படி என்று இறங்கி வந்து கேட்டேன். பதினைந்தாவது இடம் வருடா வருடம் காலியாகிறதுதானே என்று, ஏதோ மழை பெய்யும் என்பதுபோல் சொல்லிப் பதிவேட்டைத் திறந்தார்.

ஒன்பது வருடம், ஒன்பது பக்கம். பக்கத்துக்கு இரண்டு போட்டோ. மேலே அந்த இடத்தில் சேர்ந்த பெண். கீழே, அவள் வராமல் போனதும் கூப்பிடப்பட்டவள். இரண்டு முகத்தின் மேலும் சிவப்புக் கோடு. காரணம் எழுதும் கட்டம் எல்லாவற்றிலும் காலி. எங்கே போனார்கள் என்றேன். தெரியாதாம். பதினெட்டுப் பேரின் அசல் சான்றிதழும் பின்னாலிருந்த பீரோவில்தான் கிடக்கிறதாம். கேட்டு யாரும் வரவில்லையாம். தங்கச்சி, எந்தப் பெற்றவளாவது பிள்ளையின் மார்க் ஷீட்டை விட்டுவிட்டு இருப்பாளா?

பத்தாவது பக்கம் இந்த வருடத்துக்கு. மேல் போட்டோவில் இருந்த பெண் அப்போது வெளியே பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கோடு அதற்குள் போட்டாயிற்று. கீழே நம் பாப்பா. நீ இன்னும் விண்ணப்பமே அனுப்பவில்லை, நானும் போட்டோ எதுவும் கொடுக்கவில்லை. அதில் அவள் முடி காதோடு வெட்டியிருந்தது.

ஜட்ஜ் ஸ்கேலை எடுத்து அவள் முகத்தின் மேல் வைத்தார். நான் பக்கத்தோடு கிழித்துக்கொண்டேன். நாலு பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. யாரையும் தொடவில்லை. அவர் தடுக்கவும் இல்லை. "வேற போட்டோ வரும்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே அந்தப் பெண், "அங்கிள், என் சீட் உறுதிதானே?" என்று கேட்டாள். ஓயாத என் வாய்க்கு அப்போது, "வீட்டுக்குப் போயிரும்மா" என்பதற்கு மேல் வரவில்லை. அம்மாவும் மகளும் சிரித்தார்கள்.

கிழித்த பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார். இங்கே விண்ணப்பம் போடாதே. வேறு எந்தக் கல்லூரியானாலும் நானே வந்து வரிசையில் நிற்கிறேன். முடி வெட்டிக்கொள்ள அடம் பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அழுதாலும் விடாதே. கத்தரிக்கோலை ஒளித்து வை.

பாப்பாவின் பின்னல் இன்னும் ஒரு முழம் வளரட்டும்.

உன் அண்ணன்