கண்ணாடியில் பார்த்த ஊர்

புளியங்குட்டை,
ஜவ்வாது மலை,
12-11-1979

அன்பு மகன் ராஜவேலுவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், சாமை அறுத்தாகிவிட்டது, கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. பரோடாவில் நீ சுகமாயிருக்கக் காளியம்மனை வேண்டுகிறேன்.

நீ பலகையில் செதுக்கி மை தடவி ஒற்றி அனுப்பிய நம் ஊர்ப் படம் நசுங்காமல் வந்தது. பார்க்க ஊரே வந்தது. அவரவர் வீட்டைத் தேடினார்கள், பக்கத்து வீட்டுச் சேட்டு பெண்டாட்டி காந்தா தன் கூரையைவிட நாத்தனார் கூரை உயரமாக இருக்கிறதென்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், எனக்கு மோர் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அதோடு போயிருந்தால் சரி. ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்னா கோவிந்தா, கோயில சோத்துக்கைப் பக்கம் வுட்டுத்தான ஊருக்குள்ள வருவோம், உம்மவன் பீச்சாங்கைப் பக்கம் வெச்சிருக்கான், ஊரு நெனப்பே இல்ல, இனிமே எங்க திரும்பி வரப்போறான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா உயிரோடிருந்தால் அவரை வாயாலேயே மலையிறக்கியிருப்பாள்.

போன வாரம் சவரம் செய்ய உட்கார்ந்தேன், கையிலிருந்த கண்ணாடியில் பின்சுவரில் மாட்டிய படம் தெரிந்தது. பார்த்தால் கோயில் அதன் பக்கத்தில், களம் அதன் பக்கத்தில், கிணற்றுப் பாதை வளைவதும் சரியாக. நீ உள்ளபடியே செதுக்கியிருக்கிறாய், காகிதத்தில் ஒற்றியபோது பக்கம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஒரு கன்னத்தில் சோப்போடு படத்தையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன், நாய் துரத்தியது. தாண்டவராயன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சரிதான்யா, மறக்கல என்று ஒத்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டு வந்தேன், வீட்டில் சொல்ல ஆள் இல்லை. மிச்சக் கன்னத்தை மழிக்க உட்கார்ந்தேன். படத்தில் நீ ஆள் ஒருவரையும் போடவில்லை, கண்ணாடியில் பார்த்தால் மட்டும் ஊரோடு என் மூஞ்சியும் விழுகிறது, அத்தனை வீட்டுக்கும் நான் ஒருத்தனே காவல்போல. இப்போது சவரமில்லாத நாளிலும் எடுத்துப் பார்க்கிறேன். என்னோடு பேசாத காந்தா என்னைப் பற்றி மட்டும் பேசுகிறாள், கெழவன் அழகு பாக்குறான், பொண்ணு தேடறான் என்று. நான் மறுக்கவில்லை, அதை விசாரிக்கவாவது நாலு பேர் வருகிறார்களே.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு, அம்மன் உன்னைக் குறையில்லாமல் வைப்பாள். பொங்கலுக்கு வா. முடியாதென்றால் முடியாது என்றே எழுது, பார்க்கலாம் என்று எழுதாதே. போன பொங்கலுக்கு அந்த ஒரு வார்த்தையை நம்பி, போளூர் பஸ் வரும்போதெல்லாம் ரோட்டில் போய் நின்றேன், கேட்டவர்களிடம் ஆட்டைக் காணோம் என்று சொல்லிக்கொண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தன்