எட்டாத கை

காஞ்சிபுரம்,
3.2.1969

அன்புள்ள தோழிக்கு,



இன்று வகுப்பில், "பதினைந்து வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். பள்ளிப் பதிவேடே உங்களுக்குச் சாட்சி" என்றேன். தேவகி எழுந்தாள். "எனக்குப் பதினாலுதான் ஆவுது டீச்சர். வெள்ளிக்கிழம கல்யாணம். அம்மா அழுதுக்கினே இருக்குது. நிறுத்துங்க டீச்சர்."

ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்தேன். அதன்படி அவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டதாம். எழுத்து என்னுடையது!

தலைக்கு மேல் கையை வளைத்து மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வோமே. அடுத்த வருஷத்துக்குள் தறியில் உட்காரவைத்துவிடுவார்களே என்று, எட்டாத அவள் கையை நான்தான் இழுத்துத் தொடவைத்தேன். "பொய் வயது எழுதாதே" என்று நீ சண்டை போட்டாய். பத்து வருஷமாய்ப் பேச்சில்லை.

அன்று பார்த்தவள் நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமைக்குள் வந்து, நான் பொய் எழுதினேன் என்று கோர்ட்டில் சாட்சி சொல்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதி