பாதிப் பாதியாக வாங்கிய பிஸ்டல்

ஜூன் 1, 2025, ஞாயிறு

இன்றும் எல்லாக் குண்டும் கீழேதான். மொட்டை மாடியில் பத்து மீட்டர் அளந்து அட்டையை மாட்டி இருபது முறை சுட்டேன். கறுப்பு வட்டத்தைக் குறிவைத்தால் அட்டையின் அடி ஓரத்தில் போய்க் குத்துகிறது. போன மாதம் ஏர் பிஸ்டலைப் பீரோவிலிருந்து எடுத்ததிலிருந்து இதே கதை. வீட்டுக்காரர் வரதன் காபியோடு வந்து நின்று பார்த்தார்.

"நாப்பத்தேழு ஆவுது வனஜா. கை நடுங்கத்தான் செய்யும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

ஜூன் 4, புதன்

கண் டாக்டரிடம் போனேன். தூரப் பார்வையில் குறை இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

கையை மணல் பையின் மேல் ஊன்றிச் சுட்டேன். அப்போதும் கீழே. அப்படியானால் கை காரணமில்லை.

குழலின் பின்பக்கம் குறிபார்க்கும் தகட்டின் திருகு தளர்ந்திருந்தது, இறுக்கினேன். குண்டு பக்கவாட்டில் அலைவது நின்றது, இறங்குவது நிற்கவில்லை. பிறகு டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்றுக் கிழித்து, குழல் மடங்கி மூடும் இடத்தின் மேல் வைத்துச் சுட்டேன். கீற்று துள்ளிப் பறந்தது. குண்டைத் தள்ள வேண்டிய காற்று அங்கே கசிகிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் இருபது வருடமாக ஊரார் செய்த பாகங்களில் குறை கண்டுபிடிக்கிறேன். என் வீட்டுப் பொருளுக்கு ஒரு மாதம்!

உள்ளிருந்த ரப்பர் வளையத்தைக் குண்டூசியால் கிளப்பினேன். தட்டையாகி, பொடிந்து வந்தது. பழைய எண்ணெய் வாசனை. அப்போது சேக்காட்டிலிருந்து நானும் என் சிநேகிதி சபீனாவும் ஒரே சைக்கிளில் பயிற்சிக்குப் போவோம், பிஸ்டல் சாப்பாட்டுப் பையில் இருக்கும். இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அதைவிட மலிவாகக் கடையில் வேறு இல்லை. வியர்க்காமல் இருக்க கேரம் பவுடரைக் கையில் தடவுவாள். பாதி பவுடர் என் தாவணியில்தான் இருக்கும். எவ்வளவு சிரித்தோம்!

ஜூன் 9, திங்கள்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

1998, மாவட்ட அணிக்கான தேர்வு. காலையில் நான் சுட்டேன், மதியம் அதே பிஸ்டலில் அவள். பத்தாவது குண்டுக்கு மேல் அவளுக்கு எல்லாம் கீழே போயின. பாதியில் ஓடி வந்தாள். "வனஜா, துப்பாக்கில இன்னாவோ ஆயிடுச்சு. நீ ஒரு வாட்டி சுட்டுப் பாரேன்."

நான் சொன்னேன்: "காலைல எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு. உன் கைதான் நடுங்குது."

ஒரு வாரம் கழித்து சர்வீஸுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் பிய்ந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது போயிட்டா யாரு சுட்டாலும் கீழதாம்மா போவும்." அதற்குள் அணியில் என் பெயர் வந்துவிட்டது. சபீனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தேர்வு வைப்பார்களோ என்று பயம் — இல்லை, பயம் என்பதும் பொய். எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்.

மாநிலப் போட்டியில் பதினெட்டாவதாக வந்தேன். அவள் அதன் பிறகு சுடவே வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆயில் சீல் விற்கும் கடையில் அளவு பார்த்துப் புது வளையம் வாங்கினேன். கொஞ்சம் பள்ளமாக உட்கார்ந்தது. அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி வைத்தேன். ஐந்து குண்டும் கறுப்புக்குள். சந்தோஷமே வரவில்லை.

ஜூன் 14, சனி

முத்தாபுதுப்பேட்டை போனேன். சபீனா அங்கே இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான்.

டியூஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முடி பாதி வெளுத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"தெரியும்டி. அந்தக் கடைக்காரரு எங்க அத்தாவுக்கு சிநேகிதரு. அப்பவே சொல்லிட்டாரு."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் உட்டுட்டேன்."

பிஸ்டலை நீட்டினேன். வாங்கவில்லை. "பசங்க வர நேரம்" என்றாள். என் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

ஜூன் 19, வியாழன்

அவளிடமிருந்து போன் எதுவும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் தெரியாத நம்பர். சபீனா. "மாடியெல்லாம் ஏற முடியாது, முட்டி வலி. எங்க ஊட்டுப் பின்னாடி சுவரு கீது. எடுத்துகினு வா."

போனேன். பழையதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விசை இறுக்கமாக இருக்கிறது என்று குறை சொன்னாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். முதல் நான்கு குண்டும் எங்கெங்கோ போயின. ஐந்தாவது கறுப்பின் ஓரத்தைத் தொட்டது. "ம்" என்றாள். இருட்டும் வரை அவளேதான் சுட்டாள். நான் அட்டை மாற்றினேன்.

கிளம்பும்போது பிஸ்டலைப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"இங்கியே இருக்கட்டும். புதன்கிழமை வந்து எடுத்துக்க" என்றாள்.

புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.