தட்டு வைத்து அழைத்த படம்

மெர்லிமாவ்,
13.5.2025

அன்பு மருமகள் திவ்யதர்ஷினிக்கு, தாய்மாமன் சிவசாமி கோபத்தோடு எழுதிக்கொண்டது.

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். படம் எடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்றே அன்னம்மா அத்தையிடம் சொன்னேன்: "பாரு, தியேட்டரு ரொம்பும். ரொம்புன அன்னைக்கி இந்தப் புள்ள என்னைத் திட்டும்." இரண்டும் நடந்துவிட்டது. அத்தையே சாட்சி. தனக்கு ஞாபகம் இல்லை என்கிறாள். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது?

என் நம்பரைப் போனில் அடைத்துவிட்டாய். அதனால் தபால். இதை அடைக்க முடியாது.

சனிக்கிழமை அத்தனை சனத்துக்கு முன்னால் "இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாயே, உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தது எந்த ஆளு? நீ கடித்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

நீ எடுத்தது காதல் படம், சாகசப் படம். காட்டில் ஓடுகிறார்கள், ஆற்றில் விழுகிறார்கள், மலை உச்சியில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல படம்தான். நான் எடுத்திருந்தால் ஒரு புலியும் வைத்திருப்பேன். ஆனால் 'மாலை மாற்றும் மலை' என்று ஒரு படம் வந்திருப்பது மலாக்காவில் யாருக்குத் தெரியும்? நீ ஒட்டிய போஸ்டரைத் தெங்கேராவில் ஒருவன் பிய்த்துக் கொண்டுபோய் வாழைப்பழத்துக்கு வெயில் மறைப்பாகக் கட்டியிருந்தான். உன் கதாநாயகன் பவன் தலைகீழாகத் தொங்குகிறான். பேஸ்புக்கில் போட்டேன் என்றாய். நம் சனம் அதில் வாழ்த்துகள் என்று ஒரு வார்த்தை தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சனி ஞாயிறு ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுவேன் என்று தியேட்டர் மேனேஜர் சொன்னபோது நீ அழுதாய். அழுதாயா இல்லையா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. படத்துக்கு வாங்க என்றால் "பாப்போம்லா மாமா" என்பான். கல்யாணத்துக்கு வாங்க என்று வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினால் எவன் மாட்டேன் என்பான்? தட்டு வைத்து அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருந்தால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும். பத்திரிகை அடித்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். திருநிறைச்செல்வி ராகினி, திருநிறைச்செல்வன் பவன், சனிக்கிழமை மாலை ஏழு மணி, இடம் தியேட்டர் மாடி. படத்தில் அவர்கள்தானே மாலை மாற்றுகிறார்கள்? 'திரையில்' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். கண்ணாடி போட்டால் தெரியும். மெர்லிமாவ், தெங்கேரா, புக்கிட் பெருவாங் என்று ஆயிரம் வீட்டுக்குக் குறையாமல் ஏறி இறங்கினேன். தியேட்டர் ரொம்பி வழிந்தது. மலாக்காவில் இதுவரை எந்தத் தமிழ்ப் படத்துக்கும் அப்படி நடந்ததில்லை.

நன்றி கேட்கவில்லை. மன்னிப்பு கேட்டால் போதும்.

இப்படிக்கு,
அவமானப்பட்ட உன் மாமா,
சிவசாமி


கோலாலம்பூர்,
17.5.2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதிவிட்டால் எழுதியதுதான். அதனால் நானும் எழுதுகிறேன்.

தியேட்டர் நிறைந்தது. உண்மை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ரைஸ்குக்கரைப் பரிசுத்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். "பொண்ணு எங்கம்மா, மேக்கப்பு இன்னும் முடியலையா?" என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு பெரியவர் பாப்கார்ன் விற்கிற பையனிடம் போய், "தம்பி, சாப்பாட்டுப் பந்தி எந்தப் பக்கம்லா?" என்றார். அதோடு போயிருந்தால் நானும் ஒருநாள் சிரித்திருப்பேன்.

ராகினி நடிகை அல்ல மாமா. பாலர் பள்ளி ஆசிரியை. எனக்காக நடித்தாள். நடிக்க ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "அக்கா, இது என் வீட்டு வாசலுக்கு வராதுல்ல?" வராது என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவளுக்கும் தினேஷ்வரன் என்கிற பையனுக்கும் மாசியில் நிச்சயதார்த்தம் நடந்தது. பையனின் அம்மா பவானேஸ்வரி இருப்பது புக்கிட் பெருவாங்கில்.

நீங்கள் அந்த வீட்டிலும் ஏறியிருக்கிறீர்கள். வெள்ளைக் கேட்டு வீடு. அந்த அம்மாவின் கையில் தட்டைக் கொடுத்து, "குடும்பத்தோட கட்டாயம் வந்துடணும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் பத்திரிகையைச் சாமி மேடையில் வைத்துப் பிரித்திருக்கிறார். உள்ளே தன் மருமகளின் பெயரும் இன்னொருவன் பெயரும். அன்று மாலையே ஆள் அனுப்பி நிச்சயத்தை முறித்துவிட்டார்கள். ராகினியின் அப்பா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "சினிமாக்காரப் பொண்ணு, எது படம் எது நெஜம்னு நாங்க எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டார்களாம்.

இரண்டாவது வாரம் ஓட்டலாமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தை மலாக்காவில் இன்னொரு நாள் பெரிதாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. எந்தப் படத்தைக் காப்பாற்றப் போனீர்களோ, அதை உங்கள் பத்திரிகையே தூக்கிவிட்டது.

ஒன்று செய்யுங்கள். தட்டு வைத்துச் சொன்ன பொய்யைத் தட்டு வைத்தே திரும்ப எடுங்கள். அந்த வீட்டுக்கு நேரில் போங்கள்.

திவ்யதர்ஷினி


மெர்லிமாவ்,
21.5.2025

என் அன்பு மருமகளுக்கு, மாமா ஆசிர்வதித்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? உன்மேல் இல்லை. அந்தக் குடும்பத்தின்மேல். ஒரு காகிதத்தை நம்புவார்களாம், வளர்த்த தகப்பன் சொன்னால் நம்ப மாட்டார்களாம்!

போனேன். ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, கதலிப்பழம், எல்லாம் பெரிய தட்டில். பவானேஸ்வரி அம்மா கதவைத் திறந்ததும் "வாங்கண்ணே" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடி பேசினேன், கோர்ட்டில் லாயர் பேசுவது போல. "சினிமா வேற, சீவியம் வேற" என்று ஆரம்பித்தேன் பார், அந்த அம்மா கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பையன் தினேஷ்வரன் மாடியிலிருந்து இறங்கி வந்து காலில் விழுந்தான். "எழுந்திரு தம்பி" என்று தோளைத் தொட்டுத் தூக்கினேன். காபி கொடுத்தார்கள். பலகாரமும் வந்தது. "நல்ல நாள் பாத்து அவங்களையே வரச் சொல்லுங்கண்ணே" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

மாமாவால் கெட்டது மாமாவாலேயே சரியானது. இதை ராகினியிடம் சொல். என் நம்பரையும் திறந்துவிடு.

வெற்றியுடன்,
சிவசாமி


கோலாலம்பூர்,
28.5.2025

மாமா,

சொன்னேன். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ராகினி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு பழத்தட்டோடு போனாள்.

"எந்தச் சிவசாமி? இங்க யாரும் வரல" என்று அந்த அம்மா கேட்டுக்கு உள்ளேயிருந்தே சொல்லியிருக்கிறார். "மொத கல்யாணப் பொய்யி. இப்ப சமாதானப் பொய்யா? உங்க குடும்பத்துக்கு வேற வேலையே கெடையாதா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். ராகினியின் அப்பா தட்டைக் கையில் வைத்தபடியே தெருமுனை வரை நடந்திருக்கிறார். காரில் ஏறத் தோன்றவில்லையாம்.

சின்ன வயதில் உங்கள் கதைகளுக்கு நான்தான் முதலில் சிரிப்பேன். முதலையோடு சண்டை போட்டதாகச் சொன்னதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். இனி நீங்கள் பசிக்கிறது என்று சொன்னால்கூட நான் நம்பப் போவதில்லை.

எழுத வேண்டாம்.

தி.


மெர்லிமாவ்,
4.6.2025

திவ்யா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபம் உனக்கு மட்டும் சொந்தமா? உன் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். "அந்தப் புள்ளையோட அப்பா நடந்து போனாருல்ல, அந்தத் தெருவுல நீயும் போய் நடந்துட்டு வா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

முதல் தடவையும் போனேன். தெருமுனை வரை. நாய் இருந்தது, அதனால் திரும்பிவிட்டேன் என்று எழுதலாம். நாய் இல்லை. பயம்.

நேற்றுப் போனேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கேட்டைத் தட்டினேன்.

"யாரு?"

"சிவசாமி. அன்னைக்கிப் பத்திரிகை குடுத்தவன்."

"இன்னும் யாரு கல்யாணம் பாக்கி இருக்கு?"

"கல்யாணமே இல்லம்மா. அது படம். சனம் வரணும்னு நான்தான் அப்படி அடிச்சேன். அந்தப் புள்ளைக்கும் தெரியாது, படம் எடுத்த என் மருமகளுக்கும் தெரியாது. அந்தப் புள்ளையும் அப்பாவும் இங்க வந்தப்ப, நான் வந்து பேசிட்டேன்னு சொன்னதும் என் பொய்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பேரைப் படிச்சதும் என் கை அப்படியே நின்னு போச்சு. சாமி வெளக்கு வேற எரிஞ்சிட்டு இருக்கு" என்றார். "உங்க வீட்டுப் பொண்ணு பேரை இப்படிப் போடுவீங்களா?"

நான் எப்படிப்பட்ட பேச்சுக்காரன் என்று உனக்குத் தெரியும். "போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பறம்?" என்றார். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்: "ராகினி மேல ஒரு தப்பும் இல்ல, பொய் சொன்னது நான்." பவானேஸ்வரி அம்மா "தினேஷு வேலைக்குப் போயிருக்கான். வரட்டும், சொல்றேன்" என்றார். கேட்டைத் திறந்தார். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தட்டை வாங்கினால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராகினியிடம்

ராகினியிடம் சொல்லிவிடாதே. மேலே உள்ள அந்த ஒரு வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய், அந்தப் பெண் மறுபடியும் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். மகன் வரட்டும் என்று சொன்னது நிஜம், அது அவர் வாயால் சொன்னது. கேட்டை அவர் திறக்கவே இல்லை. தட்டையும் வாங்கவில்லை.

சிவசாமி