அம்மைப்பால் வந்த ஓலைப்பெட்டி

இயேசு மரி சூசை துணை

சிவகாசி
16-6-58

எலே மொட்டையா, அம்மா எழுதுறேன். நீ மெட்ராசில் நோவு நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கிறேன். இங்கன நானும் அப்பாவும் இருக்கோம். சுகம் என்று எழுதப் போனேன், கை அந்தச் சொல்லுக்கு வரமாட்டேங்குது, அதனால் இருக்கோம் என்று மட்டும் எழுதுறேன், நீ புரிஞ்சுக்கோ. உன் காகிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதில், தங்கச்சி ஜோதி செத்தது என் பெட்டியால்தான், ஐஸ் வழியிலேயே கரைஞ்சு, அம்மை வராமல் குத்துற அம்மைப்பால் கெட்டிருக்கும், ஊருக்கெல்லாம் மருந்து கட்டி அனுப்புறவன் கூடப்பிறந்தவளுக்குக் கெட்ட மருந்தை அனுப்பிட்டேன், இனிமே அந்த வேலை வேண்டாம், எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கு வந்துடுறேன் என்று எழுதியிருக்கே. நீ வேலையை விடாதே. முதலில் இதைச் சொல்லிடுறேன், மத்ததைப் பிறகு படி. உன் பெட்டி கெடலை. ஐஸோடத்தான் வந்து சேர்ந்தது. அது எனக்கே நேத்துத்தான் தெரியும். இன்னைக்குக் காலையில் அடுப்பில் உலையை வச்சுட்டு அரிசி போடாமலே பார்த்துக்கிட்டு நின்னேன், தண்ணி வத்திப் பானை கருகின வாடை வந்தப்புறம்தான் எனக்கு உணர்வு வந்தது.

நீ வரமுடியாமல் போனதுக்கு மனசைப் போட்டு அரிக்காதே. நாங்கதானே தந்தியில் வரவேண்டாம் என்று சொன்னோம். தெருவில் வேப்பிலை சொருகாத வீடு கொஞ்சம், பால்காரி கூட நம்ம வாசலுக்கு வரலை. ஜோதிக்கு முதலில் காய்ச்சலும் இடுப்பு வலியும்தான், வேலை அலுப்பு என்று இருந்துட்டேன். மூணாம் நாள் நெத்தியில் பொரிப்பொரியாகக் கண்டதும் அப்பா ஒரு பார்வை பார்த்துட்டு வெளியே போய் நின்னாக. நான் அப்பவும் பயப்படலை. அவளுக்குத்தான் அம்மைப்பால் குத்தியாச்சே, அதுவும் அண்ணன் கையால் கட்டின மருந்து. அவளும் அதையேதான் சொன்னாள். எம்மா நீ எதுக்கு முழிக்கிறே, எனக்குள்ள அண்ணன் மருந்து இருக்கு, இது சின்னம்மைதான், எந்திரிச்சு வந்து உன் தலையில் பேன் பார்க்குறேனா இல்லையா பாரு என்று சிரிச்சாள். உதடெல்லாம் வெடிச்சிருந்தது, அதோடதான் சிரிச்சாள். அப்புறம் கண் மூடிப்போச்சு, பேச்சும் நின்னுபோச்சு. அடக்கத்துக்கு நாலு பேர் வந்தாக. சாமியார் தள்ளி நின்னே செபம் சொன்னாக. பாயோட சுத்திக் கொண்டுபோனாக, முகத்தைக் கடைசியாப் பார்த்தியா என்று மட்டும் என்கிட்டக் கேட்டுறாதே.

பங்குனியில் நீ எழுதின காகிதம் உனக்கு நினைப்பிருக்கும். அதில், முன்னாடியெல்லாம் அம்மைப்பாலைத் தக்கை அடைச்ச மரப்பெட்டியில் அனுப்புவாங்க, போன பெட்டி திரும்பி வராது, வந்தாலும் உடைஞ்சு வரும், இப்ப நான் சொன்னபடி பனையோலைப் பெட்டிக்குள் வாழைமட்டையை விரிச்சு, உமியைத் திணிச்சு, நடுவில் ஐஸ் டப்பாவை வச்சுத் தைச்சு அனுப்புறோம், திருப்பி அனுப்புற சோலியே இல்லை, போய்ச் சேர்ந்த ஊரில் மட்டையை ஆடு மாட்டுக்குப் போட்டுட்டு உமியை எருக்குழியில் கொட்டிடலாம், எல்லாம் மண்ணோட மண்ணாயிடும், பெரிய டாக்டரே முதுகில் தட்டினார் என்று எழுதியிருந்தே. ஜோதி அதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினது பத்தாது என்று வேலை பார்க்குற வெடிக் கம்பெனிக்கும் கொண்டுபோய் வாசிச்சாள். மெட்ராசுக்குப் போயும் எங்க அண்ணனுக்கு ஓலைப்பெட்டியும் உமியும்தான் வாய்ச்சிருக்கு என்று கேலி பேசுவாள், ஆனால் காகிதத்தை யாருக்கும் கொடுக்க மாட்டாள். அப்புறம் வெம்பக்கோட்டைப் பக்கம் பெரியம்மை கண்டிருக்கு என்று பேச்சு வந்ததும் வெடிக் கம்பெனியில் எல்லாருக்கும் குத்தணும் என்றாக. அம்மை குத்துற கனகசபாபதி வந்து குத்தினார். உனக்குச் சின்னதில் குத்தினப்ப கை வீங்கி, கொப்புளம் எழும்பி, நீ தெருவையே கூட்டினே, அன்னைக்கு ஜோதிக்குக் காய்ச்சல் என்று அவளுக்குக் குத்தாமல் விட்டுட்டாக. இப்ப குத்தினதில் ஒருத்திக்கும் கை வீங்கலை, கொப்புளம் எழும்பலை, மேல் கூடச் சுடலை. நாங்க சந்தோசப்பட்டோம் மொட்டையா. மருந்து இப்பெல்லாம் நல்ல பக்குவத்துக்கு வந்துடுச்சு, வலியில்லாமல் வேலை செய்யுது என்று ஊரே பேசினது. கொப்புளம் எழும்பலைன்னா மருந்து பிடிக்கலை என்று நீ இப்ப எழுதினதை அன்னைக்குச் சொல்ல அங்கன ஆள் இல்லை. எட்டாம் நாள் வந்து பார்க்கவேண்டிய கனகசபாபதி வெம்பக்கோட்டையிலேயே ஊர்ச் சாவுக்கும் நோவுக்கும் நடுவில் ஓடிக்கிட்டு இருந்தார், அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

நேத்துப் பூசை முடிஞ்சு வந்து உட்கார்ந்திருந்தேன், பொன்னுத்தங்கம் வந்தாள். அவளை உனக்குத் தெரியாது, ஜோதியோட மத்தாப்புக் கட்டுற பிள்ளை, கம்பெனிக்கு அடுத்தாப்பல வீடு. எங்க ஆத்தா விடலை அத்தை, இன்னைக்குத்தான் விட்டுச்சு என்று அழுதாள். கையில் ஒரு ஓலைப்பெட்டி. உன் கையெழுத்து மேலேயே இருந்தது, குளிர்ச்சியாக வைக்கவும் என்று கொட்டை எழுத்தில். ஜோதிதான், இந்தப் பெட்டி எனக்கு வேணும், பத்திரமா வச்சிரு என்று கொடுத்தாளாம். எனக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லணும் என்று அந்தப் பிள்ளை அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சாள். சனிக்கிழமை மத்தியானம் கனகசபாபதி வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்து, இது மருந்து, குளிர்ச்சியா வையுங்க, திங்கக்கிழமை வந்து குத்துறேன் என்று வாசலில் கொடுத்துட்டு அப்படியே போயிட்டாராம். வாசலில் பொம்பளைப் பிள்ளைகளைச் சோதிச்சு உள்ளே விடுறது நம்ம ஜோதிதானே. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டியைத் தலையில் வச்சுக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தினாளாம். சுத்தினப்ப பெட்டி இடுக்கிலிருந்து உமி உதிர்ந்திருக்கு. உடனே முகம் மாறி, உள்ள அம்புட்டும் உமி, இது கேட்டைத் தாண்டிப் போகக்கூடாது என்று நின்னுட்டாளாம். காவல்காரர், இருந்துட்டுப் போகட்டும் தாயி, கவர்மெண்டுப் பெட்டி என்றிருக்கார். கவர்மெண்டு உமின்னா நெருப்புப் பத்தாதோ, எங்க அப்பா கையை ஒருக்கா வந்து பார்த்துட்டு அப்புறம் பேசுங்க என்று கேட்டாளாம்.

அப்பா கை வெந்தது உனக்குத் தெரியும், நீ அப்ப மடியில். வெடிக்கட்டைச் சுத்தின வைக்கோலில் பொறி விழுந்துதான் ரெண்டு விரல் போச்சு. அன்னையிலிருந்து நம்ம வீட்டில் வைக்கோல் இல்லை, உமி இல்லை, அடுப்பெரிக்கக் கூட உமி வாங்கவிட்டதில்லை. அவள் கம்பெனிக்குப் போன முதல் நாள் அப்பா சொன்ன புத்தி அது ஒண்ணுதான், உமியும் வைக்கோலும் வாசலுக்கு வெளியே, யார் சொன்னாலும் விடாதே என்று. அவள் விடலை. தையலைப் பல்லால் கடிச்சுப் பிரிச்சு, உமியை வேலிக்கு அந்தப் பக்கம் எருக்குழியில் கொட்டிட்டு, வாழைமட்டையைக் காவல்காரர் ஆட்டுக்குப் போட்டாளாம். அண்ணன் எழுதினபடியே செஞ்சுட்டேன் என்றாளாம். டப்பாவைத் திறந்தால் ஐஸ். கம்பெனியில் பாதிப் பிள்ளைகள் ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. இது கரைஞ்சு மருந்தில் ஈரம் ஏறிடும் என்று ஒவ்வொரு மருந்துக் குழாயாத் தாவணியில் துடைச்சு, பஞ்சில் சுத்தி, புதுக்கலயத்தில் போட்டு, குடிதண்ணிப் பானை வைக்கிற அறையில் ஈரமணலில் புதைச்சு வச்சாளாம். ஐஸை எல்லாருக்கும் உடைச்சுக் கொடுத்திருக்காள். ஒரு துண்டைப் பொன்னுத்தங்கம் ரவிக்கைக்குள் போட்டுட்டு, ஏட்டி நீ கத்துற கத்துக்கு நம்ம கம்பெனி வெடியெல்லாம் பிச்சை வாங்கணும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாளாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கும் சிரிப்பு வந்தது மொட்டையா. என் பிள்ளை போனப்புறம் நேத்துத்தான் நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது வெள்ளிக்கிழமை வந்த காகிதத்தில் நீ எழுதினது கண்ணுக்கு முன்னால் வந்தது. உமிதானேம்மா குளிரைப் பிடிச்சு வைக்கும், நாலு விரல் கனத்துக்குத் திணிச்சேனே, அது இருந்தால் நாலு நாள் ஆனாலும் ஐஸ் நிக்குமே, எங்கன தப்பு நடந்துச்சுன்னு தெரியலையே என்று எழுதியிருந்தியே, அது. அப்படியே சிரிப்பு வாயில் நின்னுபோச்சு. மறுநாள் அந்த மணலுக்குத் தண்ணி ஊத்தினது யார் என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுல்ல அத்தை, திங்கக்கிழமை நாங்க போறப்ப மணல் காஞ்சு கிடந்துச்சு, அறை அடுப்பு மாதிரி இருந்துச்சு, ஜோதி ஓடிப்போய் முதல் வேலையாத் தண்ணி தெளிச்சா, குத்துறவர் வந்தப்ப கலயம் சில்லுன்னுதான் இருந்துச்சு, அவளை மாதிரிப் பொறுப்பு யாருக்கு வரும் என்றாள்.

அந்தப் பிள்ளையை இருக்கச் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிச்சுட்டுப் போனாள். அவள் கையிலும் அதே மருந்துதான் குத்தியிருக்கு. கம்பெனியில் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டு எந்திரிச்சிருக்காக, அவுகளுக்குச் சின்னதில் குத்தின தழும்பு இருந்ததாம். மத்த அம்புட்டுப் பேரும் பிடிக்காத மருந்தை நம்பிக்கிட்டுத் திரியுறாக. இது எனக்குத் தோணினதும் உட்கார முடியலை. இன்னைக்குக் காலையில் கனகசபாபதியைத் தேடிப் போனேன். ஐயா, யாருக்கும் கொப்புளம் எழும்பலை, மறுபடி எல்லாருக்கும் குத்துங்க என்றேன். அவர் திகைச்சுப்போய், மருந்து நல்லாத்தானே வந்துச்சு, எப்படிக் கெட்டுச்சு, உங்களுக்கு யார் சொன்னா என்று கேட்டார். பெத்த பிள்ளையைக் கொடுத்தவ சொல்றேன், அதுக்கு மேல கேட்காதீக என்றேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இன்னைக்கே மெட்ராசுக்குத் தந்தி கொடுத்து மருந்து கேட்குறேன் என்று சொல்லிட்டார். அதனால்தான் சொல்றேன், நீ வேலையை விடாதே. அந்தத் தந்தி உன் இடத்துக்குத்தான் வரும். சிவகாசிப் பெட்டியை நீயே கட்டு. கட்டிட்டு, குளிர்ச்சியாக வைக்கவும் என்று மட்டும் எழுதி விட்டுடாதே ராசா, எங்களுக்குத் தெரிஞ்ச குளிர்ச்சி பானையடிக் குளிர்ச்சிதான். பிரிக்காதே, உமியோடு இருக்கட்டும், உமிதான் குளிரைக் காக்குது, குத்த வருகிறவர்தான் பிரிக்கணும் என்று பெருசா எழுது. கம்பெனிக்குள்ளே கொண்டுபோகாமல் கோயில் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொல்லியும் எழுது. உன்மேல் குத்தம் கண்டு இதை எழுதலை. அவள்மேலும் குத்தம் இல்லை. நெருப்புக்குப் பயந்த பிள்ளை நெருப்புக்குப் பயந்தபடி நடந்தாள், அம்புட்டுத்தான்.

வேளைக்குச் சாப்பிடு. கிளப்புக் கடைச் சோறு வயித்துக்கு ஆகலைன்னா கஞ்சி வச்சுக் குடி. நீயும் ஒருக்காத் திரும்பக் குத்திக்கோ, மருந்துக்குள்ளேயே இருக்கோம் என்று அசட்டையா இருந்துடாதே. இங்கன மழை இல்லை, கிணத்தில் தண்ணி அடியில் கிடக்கு. ஜோதி துணிமணியெல்லாம் எரிச்சாச்சு, செபமாலை மட்டும் இருக்கு, நீ வரும்போது தாறேன். நினைப்பு வச்சுக்கோ, நீ எழுதுற பதிலில் உமியைப் பத்தி ஒரு எழுத்துக் கூட இருக்கக்கூடாது. உன் காகிதத்தை அப்பாதான் முதலில் பிரிக்கிறாக. பிள்ளைக்குத் தான் சொன்ன ஒரே புத்தி இப்படி ஆச்சு என்று தெரிஞ்சால் அந்த மனுசன் தாங்கமாட்டாக. பெட்டியை அடுக்குப்பானைக்குப் பின்னால் மறைச்சு வச்சிருக்கேன். மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும், உன் கை கட்டுற மருந்தெல்லாம் போற இடத்தில் உசிரைக் காக்கட்டும்.

உன்னைப் பெத்தவள்,
ச. இசபெல்

மொட்டையா, கவரை ஒட்டப் போனேன், அப்பா கடைத்தெருவிலிருந்து வந்தாக. மறுபடி அம்மை குத்தப் போறாக, மருந்து நல்லாத்தான் வந்துச்சு என்று கனகசபாபதியே சொல்றார் என்று அங்கன பேசிக்கிட்டாகளாம். மகன் பெட்டியை ஒழுங்காத்தான் கட்டியிருக்கான், மருந்து ஒழுங்காத்தான் வந்திருக்கு, அப்படின்னா நடுவில் எவனோ கை வச்சிருக்கான், என் பிள்ளையைக் கொன்ன பாவி அவன்தான், கனகசபாபதி வீட்டுக்குப் போனியாமே, உனக்குத் தெரிஞ்சிருக்கு, பேரைச் சொல்லு என்று என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்காக. நான் எழுதிக்கிட்டே இருக்கேன், எழுதி முடிக்கட்டும் என்று காத்துக்கிட்டு இருக்காக. நான் யார் பேரைச் சொல்ல?